கணினியை விட்டுப் போகாத வயர்லெஸ் கீபோர்டு: இணைப்பை முழுதாக நீக்குவது எப்படி?

செட்டிங்ஸில் போய் 'ரிமூவ் டிவைஸ்' அழுத்துகிறீர்கள். 'ரிமூவ் ஃபெயில்டு' என்று வருகிறது. அல்லது பட்டியலிலிருந்து பெயர் மறைகிறது, கணினியை அணைத்துத் திறந்தால் பழைய இடத்திலேயே நிற்கிறது. இன்னும் சிலருக்கு வேறு விதமான தொல்லை: புது டேப்லெட்டுடன் இணைக்கலாம் என்று கீபோர்டை எடுத்தால், அது பக்கத்து அறையில் இருக்கும் பழைய லேப்டாப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. இங்கே தட்டும் எழுத்து அங்கே விழுகிறது.

இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை. கடையில் கொடுத்துப் பணம் செலவழிக்க வேண்டிய வேலை இது இல்லை. ஆனால் எதையாவது மாற்றுவதற்கு முன்பு, இணைப்பு என்பது எங்கே பதிவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரியாமல் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்துவதால்தான் பலருக்கு ஒரு மாலைப் பொழுதே போய்விடுகிறது.

இணைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது

புளூடூத்தில் கீபோர்டையும் கணினியையும் முதன்முறை 'பேர்' (ஜோடி சேர்ப்பது) செய்யும்போது, இரண்டும் சேர்ந்து ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. கணினி அந்த எண்ணைக் கீபோர்டின் முகவரியோடு சேர்த்துத் தன் டிஸ்கில் எழுதிவைக்கிறது. கீபோர்டும் அதே எண்ணைக் கணினியின் முகவரியோடு தன் சிப்பில் எழுதிவைக்கிறது. பேட்டரியைக் கழற்றினாலும் சிப்பில் எழுதியது அழியாது. மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு மாதிரிதான்: கடை நோட்டில் ஒரு பதிவு, நம் வீட்டு நோட்டில் ஒரு பதிவு. ஒன்றில் மட்டும் அடித்துவிட்டால் கணக்கு முடிந்ததாக ஆகாது.

செட்டிங்ஸில் 'ரிமூவ்' கொடுக்கும்போது கணினியின் பதிவு மட்டுமே போகிறது. கீபோர்டுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. ஏதாவது ஒரு விசையைத் தொட்டதும் அது விழித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கணினியைத் தேடிக் கூப்பிட ஆரம்பிக்கும். கணினி வழிகாட்டிகள் பலவற்றில் கீபோர்டு பக்கத்து வேலை விட்டுப்போவதால், இந்தக் கட்டுரையில் அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறேன்.

புளூடூத்தா, டாங்கிளா?

வயர்லெஸ் கீபோர்டு என்றாலே புளூடூத் என்று நினைத்துவிட வேண்டாம். யுஎஸ்பி துளையில் செருகும் நகத்தளவு ரிசீவருடன் வரும் கீபோர்டுகள் புளூடூத் அல்ல, பெட்டியில் '2.4 ஜி' அல்லது '2.4 கிகாஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கும். அந்த ரிசீவரைத்தான் டாங்கிள் என்கிறோம். டெஸ்க்டாப்பாக இருந்தால் சிபியு பெட்டியின் பின்பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பல வருடங்களுக்கு முன்பு செருகிய டாங்கிள் அங்கே மறந்துபோய்க் கிடக்கும்.

சோதனை எளிது. டாங்கிளைப் பிடுங்குங்கள். தட்டச்சு நின்றால் அது டாங்கிள் வகை, நிற்காவிட்டால் புளூடூத். டாங்கிள் வகையை வைத்துக்கொண்டு விண்டோஸ் பட்டியலில் தேடினால் அங்கே கீபோர்டின் பெயரே இருக்காது. 'யுஎஸ்பி ரிசீவர்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அதை 'ரிமூவ்' செய்தாலும், டாங்கிள் துளையில் இருக்கும்வரை விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். "எத்தனை தடவை எடுத்தாலும் திரும்பி வருகிறது" என்று சொல்பவர்களில் சிலருக்குக் கதை இவ்வளவுதான்: டாங்கிளை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

டெஸ்க்டாப்போ மேக் மினியோ வைத்திருந்து, உங்களிடம் இருப்பது அந்த ஒரே கீபோர்டு என்றால் சற்றுப் பொறுங்கள். இணைப்பை நீக்கியபின் கணினியை மறுபடி திறந்தால் பாஸ்வேர்டு அடிக்க வழி இருக்காது. வயர் வைத்த சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் மவுஸ் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்: லாகின் திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் உள்ள அக்சஸிபிலிட்டி படத்தைக் கிளிக் செய்து, திரைக் கீபோர்டை வரவழைக்கலாம். மவுஸும் புளூடூத்தாக இருந்தால், இடையில் புளூடூத்தை அணைக்கும் படி வரும்போது இரண்டும் ஒன்றாகக் கைவிட்டுவிடும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

விண்டோஸில் நீக்குவது

கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும். முடிந்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1. முதலில் கீபோர்டை அதன் சுவிட்சில் அணையுங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கீபோர்டு இணைப்பில் இருக்கும்போதோ, இணைய முயன்றுகொண்டிருக்கும்போதோ நீக்கப் போனால், கணினி ஒரு பக்கம் அழிக்க, கீபோர்டு மறுபக்கம் கூப்பிட, 'ரிமூவ் ஃபெயில்டு' வருவதற்கு வாய்ப்பு அதிகம். அணைத்தபின் கணினியிலும் புளூடூத்தை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', 'டிவைசஸ்' என்று போய், கீபோர்டு பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'ரிமூவ் டிவைஸ்' கொடுங்கள். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், 'டிவைசஸ்', 'புளூடூத் அண்ட் அதர் டிவைசஸ்'. அங்கே பெயர் மீது கிளிக் செய்தால் 'ரிமூவ் டிவைஸ்' தெரியும்.

2. அப்படியும் போகவில்லையா? கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்துத் திறப்பது இதற்குச் சமம் ஆகாது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதாவது சிக்கிக்கொண்ட புளூடூத், சிக்கிய நிலையிலேயே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. ரீஸ்டார்ட் ஆனதும், கீபோர்டை ஆன் செய்யாமலேயே முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

3. அடுத்தது, புளூடூத்தை நடத்தும் பின்னணி வேலையைப் புதுப்பிப்பது. ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, நீளமான பட்டியலில் 'புளூடூத் சப்போர்ட் சர்வீஸ்' என்பதைக் கண்டுபிடித்து, வலது கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். உடனே செட்டிங்ஸுக்குத் திரும்பி நீக்கிப் பாருங்கள்.

4. இனி டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்தால் பெயர் தெரியும். மேலே 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அணைத்து வைத்த கருவிகள் மங்கலாகத் தெரியும். 'புளூடூத்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் கீபோர்டின் பெயரைத் தேடி, வலது கிளிக், 'அன்இன்ஸ்டால் டிவைஸ்'. பிறகு ரீஸ்டார்ட்.

இந்த நான்காவது படியில் ஒரு கவனம் வேண்டும். டிவைஸ் மேனேஜரில் 'கீபோர்ட்ஸ்' என்று தனித் தலைப்பும் இருக்கிறது. அதற்குள் ஒரே பெயரில் பல வரிகள் இருக்கும். எது எந்தக் கீபோர்டு என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. 'ஸ்டாண்டர்ட் பிஎஸ்/2 கீபோர்டு' என்று இருப்பது பெரும்பாலும் லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு. அந்தத் தலைப்புக்குள் போய் ஊகத்தில் எதையும் நீக்க வேண்டாம். தவறி நீக்கிவிட்டாலும் பயப்பட வேண்டாம், ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் பொதுவாகத் தானே சேர்த்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் அசையாத கீபோர்டு ஒன்று எப்போதாவது வரும். அதன் பதிவு, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் உள்பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், பிடிஎச்போர்ட், பாராமீட்டர்ஸ், டிவைசஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால், 12 எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு புளூடூத் கருவியின் முகவரி. உள்ளே 'நேம்' என்பதைத் திறந்தால் கருவியின் பெயர் வலப்பக்கத்தில் தெரியும். கீபோர்டுக்கு உரியதை முதலில் 'எக்ஸ்போர்ட்' செய்து பத்திரப்படுத்திவிட்டு, அந்த ஒரு கோப்புறையை மட்டும் அழித்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரெஜிஸ்ட்ரியை இதுவரை திறந்தே பார்க்காதவர்கள் இந்த ஒரு படிக்கு மட்டும் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பான கோப்புறையை அழித்தால் விண்டோஸின் வேறு பகுதி கெட்டுப்போகும். அலுவலகக் கணினி என்றால் இதைத் தொடவே வேண்டாம், ஐடி பிரிவிடம் சொல்லிவிடுங்கள்.

கீபோர்டின் பக்கம்

இப்போது மற்றப் பாதி. கீபோர்டில் திரை இல்லை, மெனு இல்லை. அதனால் அதன் நினைவைத் துடைக்க முடியும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

உதாரணத்துக்கு லாஜிடெக் கே380 மாடலை எடுத்துக்கொள்வோம். இதில் எஃப்1, எஃப்2, எஃப்3 என மூன்று விசைகள் மூன்று கருவிகளுக்கானவை. ஒவ்வொன்றும் ஒரு தனிப் பதிவு. எஃப்1-ல் லேப்டாப், எஃப்2-ல் போன் என்று வைத்துக்கொள்ளலாம். விசையைச் சும்மா தட்டினால் அந்தக் கருவிக்கு மாறும். மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் அந்த இடம் புதுக் கருவிக்காகத் திறக்கும். இதன் சிறு விளக்கைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விளக்கு மெதுவாக விட்டு விட்டு எரிந்தால், கீபோர்டு பழைய கணினியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. வேகமாக எரிந்தால் புது இணைப்புக்குத் தயாராக இருக்கிறது. நிலையாக எரிந்து அணைந்தால் இணைந்துவிட்டது.

இந்த வகையில் ஒரு இடத்தை மட்டும் காலியாக்கத் தனி விசை கிடையாது. அதன்மேல் புதுப் பதிவை எழுதுவதுதான் வழி. எஃப்1-ஐ அழுத்திப் பிடித்து, விளக்கு வேகமாக எரியும்போது உங்கள் போனின் புளூடூத் பட்டியலில் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து இணைத்துவிடுங்கள். பழைய லேப்டாப்பின் பதிவு அந்த நொடியே போய்விடும். பிறகு போனிலும் 'ஃபர்கெட்' கொடுத்துவிடலாம். பழைய கணினி கையில் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்: விற்றுவிட்ட லேப்டாப்பானாலும், வேலையை விட்டு வந்த அலுவலகத்தின் கணினியானாலும் சரி. கீபோர்டு தன் ரகசிய எண்ணை மாற்றிவிட்டால், அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் பதிவுக்கு மதிப்பு இல்லை. பழைய எண்ணை வைத்து இணைப்பு உண்டாகாது.

எல்லா இடங்களையும் ஒரேயடியாகத் துடைக்கும் வசதியும் சில மாடல்களில் உண்டு. லாஜிடெக் எம்எக்ஸ் கீஸில், ஆன் நிலையில் எஸ்கேப், ஓ, எஸ்கேப், ஓ, எஸ்கேப், பி என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் விளக்குகள் சிமிட்டும். அணைத்து ஆன் செய்தால் மூன்று இடமும் காலி. கீக்ரான் கீபோர்டுகள் பலவற்றில் எஃப்என், ஜே, இசட் மூன்றையும் சேர்த்து 4 வினாடி பிடிக்க வேண்டும். ஆனால் கீக்ரானில் நீங்கள் மாற்றிவைத்த விசை அமைப்புகளும் சேர்ந்தே போய்விடும். வேறு நிறுவனத்துக் கீபோர்டு என்றால், அதன் கையேட்டில் 'ஃபேக்டரி ரீசெட்' என்ற தலைப்பைப் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் தேடலாம்.

எந்த வேலை தொடங்கும் முன்பும் பேட்டரியைப் பாருங்கள். கே380-ல் இரண்டு ஏஏஏ பேட்டரிகள். தீரும் நிலையில் இருந்தால் கீபோர்டு பாதியில் அணைந்து, பதிவு மாறாமலே நின்றுவிடும்.

மேக்கில்

ஆப்பிள் மெனு, 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'புளூடூத்' என்று போய், கீபோர்டு பெயருக்கு அருகே வட்டத்துக்குள் ஐ எழுத்து இருக்கும் குறியை அழுத்தி 'ஃபர்கெட் திஸ் டிவைஸ்' கொடுங்கள். 2022-ல் வந்த வென்ச்சுரா என்ற மேக் இயங்குதளப் பதிப்புக்கு முந்தையது என்றால் அந்த இடத்துக்குப் பெயர் 'சிஸ்டம் பிரிஃபரன்சஸ்'. விண்டோஸுக்குச் சொன்னது போலவே, முதலில் கீபோர்டை அணையுங்கள்.

ஆப்பிளின் மேஜிக் கீபோர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சார்ஜ் கேபிளில் மேக்குடன் செருகினால், அது தானாகவே அந்த மேக்குடன் இணைந்துகொள்ளும், கேட்பதில்லை. ஆகவே காலையில் இணைப்பை நீக்கிவிட்டு, மதியம் சார்ஜ் போட அதே மேக்கில் செருகினால் நீக்கியது வீணாகிவிடும். பார்ப்பவருக்கு 'ஃபர்கெட்' வேலை செய்யவில்லை என்றே தோன்றும். இணைப்பு வேண்டாம் என்றால் சுவர் அடாப்டரில் போட்டுச் சார்ஜ் செய்யுங்கள். இதே குணம் சாதகமாகவும் அமையும். மேஜிக் கீபோர்டைப் பழைய மேக்கிலிருந்து பிரிக்கச் சுலபமான வழி, புது மேக்கில் கேபிளால் செருகிவிடுவதுதான். கே380 போல மூன்று இடம் இதில் இல்லாததால் புதியது வந்ததும் பழையது போய்விடும்.

பழைய பதிவுகளில் 'ஷிஃப்ட், ஆப்ஷன் இரண்டையும் அழுத்திக்கொண்டு மேலே உள்ள புளூடூத் குறியைக் கிளிக் செய்து ரீசெட் செய்யுங்கள்' என்று படித்திருப்பீர்கள். 2021-ல் வந்த மான்டெரே என்ற மேக் பதிப்பில் அந்த ரீசெட் எடுக்கப்பட்டுவிட்டது. இன்றைய மேக்கில் அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மேக்கை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி 'ஃபர்கெட்' கொடுங்கள்.

லினக்ஸ், இரட்டை இயங்குதளம்

உபுண்டு போன்றவற்றில் செட்டிங்ஸின் புளூடூத் பக்கத்திலேயே 'ரிமூவ் டிவைஸ்' இருக்கிறது, அது போதும். சிக்கல் வருவது ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு. இரண்டுக்கும் புளூடூத் சிப் ஒன்றே, முகவரியும் ஒன்றே. ஆனால் ரகசிய எண்ணை இரண்டும் தனித்தனியாகச் சேமிக்கின்றன. லினக்ஸில் இணைத்தால் விண்டோஸின் எண் செல்லாமல் போகும். விண்டோஸில் மறுபடி இணைத்தால் லினக்ஸுடையது செல்லாது. மூன்று இடம் உள்ள கீபோர்டானால் எஃப்1-ஐ விண்டோஸுக்கும் எஃப்2-ஐ லினக்ஸுக்கும் ஒதுக்கிப் பாருங்கள். முழுதாகப் பிரிக்க நினைத்தால் இரண்டிலும் போய் நீக்க வேண்டும்.

டாங்கிள் வகையில் பிரிப்பது

விலை குறைந்த கீபோர்டு-மவுஸ் ஜோடிகளில் டாங்கிளும் கீபோர்டும் தொழிற்சாலையிலேயே கட்டிப்போடப்பட்டவை. அவற்றைப் பிரிக்கவும் முடியாது, வேறு டாங்கிளுடன் சேர்க்கவும் முடியாது. டாங்கிளைப் பிடுங்குவதுதான் இணைப்பை நீக்குவது. பிடுங்கியதைப் பத்திரமாக வைத்திருங்கள். அது தொலைந்தால் கீபோர்டே பயனற்றதாகிவிடும்.

லாஜிடெக்கின் யூனிஃபையிங் (2009 முதல்), போல்ட் (2021 முதல்) டாங்கிள்கள் வேறு மாதிரி. ஒவ்வொன்றும் 6 கருவிகள் வரை தாங்கும். கருவிகளைச் சேர்க்கலாம், நீக்கலாம். ஒன்றின் டாங்கிள் மற்றதற்கு ஆகாது. யூனிஃபையிங் என்றால் அந்நிறுவனத்தின் யூனிஃபையிங் மென்பொருளில் 'அட்வான்ஸ்டு' போய் 'அன்பேர்' கொடுக்கலாம். போல்ட் வகைக்கு ஆப்ஷன்ஸ் பிளஸ் மென்பொருள். லினக்ஸில் சோலார் என்ற இலவசச் செயலி இரண்டையும் பார்த்துக்கொள்ளும். மவுஸ் அதே டாங்கிளில் இருக்க, கீபோர்டை மட்டும் பிரிக்க வேண்டியவர்களுக்கு இதுதான் வழி.

கீபோர்டு இல்லாமல் டாங்கிள் மட்டும் கணினியில் செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 2016-ல் பாஸ்டில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'மவுஸ்ஜாக்' என்று பெயரிட்ட குறைகளை வெளியிட்டார்கள். பல நிறுவனங்களின் புளூடூத் அல்லாத டாங்கிள்கள் வழியாக, அருகில் இருக்கும் வேறொருவர் கணினிக்குள் எழுத்துகளை அனுப்ப முடியும் என்று அதில் தெரிந்தது. பழைய டாங்கிளைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள், நிறுவனம் ஃபர்ம்வேர் (டாங்கிளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) திருத்தம் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீக்கியது திரும்பி வந்தால்

மேஜிக் கீபோர்டின் கேபிள் விவகாரத்தை மேலே பார்த்தோம். அடுத்துப் பார்க்க வேண்டியது, உங்கள் கீபோர்டு புளூடூத், டாங்கிள் இரண்டிலும் வேலை செய்யும் வகையா என்பது. எம்எக்ஸ் கீஸ் அப்படிப்பட்டது. புளூடூத்தில் நீக்கியபின்னும் டாங்கிள் வழியாகத் தட்டச்சு தொடரும். மூன்றாவது, விண்டோஸின் 'ஸ்விஃப்ட் பேர்'. இணைப்புக்குத் தயாராக உள்ள கீபோர்டு அருகில் இருந்தால் திரை மூலையில் "இணைக்கவா?" என்று அறிவிப்பு வரும். வீட்டில் யாராவது கைதவறி 'கனெக்ட்' அழுத்தினால் போதும். புளூடூத் டிவைசஸ் பக்கத்திலேயே அந்த அறிவிப்பை நிறுத்திவைக்கலாம்.

உண்மையிலேயே நீங்கியதா என்று உறுதிசெய்ய, கணினியை ரீஸ்டார்ட் செய்து, கீபோர்டை ஆன் செய்து, நோட்பேடைத் திறந்து சில விசைகளைத் தட்டுங்கள். எழுத்து விழக் கூடாது, பட்டியலிலும் பெயர் இருக்கக் கூடாது. அதோடு கீபோர்டின் விளக்கையும் பாருங்கள். மெதுவாக எரிந்துகொண்டே இருந்தால் அதன் நினைவு இன்னும் துடைக்கப்படவில்லை.

எந்தப் பக்கத்தைக் கட்டாயம் துடைக்க வேண்டும் என்பது, கீபோர்டு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. கீபோர்டை வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் கணினிப் பக்கத்தை விட்டுவிடவே கூடாது. உங்கள் கணினி நம்பும் ஒரு கீபோர்டு மற்றவர் கையில் இருக்கிறது என்றால், அவர் புளூடூத் எட்டும் தூரத்தில் இருக்கும்போது தட்டுவதெல்லாம் உங்கள் திரையில் விழும். சாதாரணமாக இந்தத் தூரம் சுமார் 10 மீட்டர். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது பக்கத்து வீடாகவே இருக்கலாம். வாங்குபவருக்குத் தொல்லை இல்லாமல் இருக்க, கீபோர்டு பக்கத்தையும் துடைத்துக் கொடுங்கள். டாங்கிள் வகையானால் டாங்கிளையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள். பல கீபோர்டுகளில் பேட்டரி மூடிக்குள்ளேயே அதை வைக்கச் சிறு குழி இருக்கும்.